சின்சில்லா வளர்ப்பு: அறை, தீவனம், அன்றாடக் கவனிப்பு

சின்சில்லாவின் பூர்வீகம் தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் மலைத்தொடர். மழை குறைந்து, காற்று உலர்ந்து, இரவில் கடுங்குளிர் அடிக்கும் பாறைச் சரிவுகளில் முரட்டுப் புல்லையும் புதர்ச் செடிகளையும் தின்று வாழும் விலங்கு அது. அதன் ஒரே மயிர்க்காலிலிருந்து ஐம்பது, அறுபது முடிகள் கிளம்பும். அந்தத் தோலுக்காகவே கண்மூடித்தனமாக வேட்டையாடி, காட்டில் அந்த இனமே அழியும் நிலைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். மத்தியாஸ் சாப்மன் என்ற அமெரிக்கச் சுரங்கப் பொறியாளர் 1923இல் சிலியிலிருந்து 11 சின்சில்லாக்களைக் கலிபோர்னியாவுக்குக் கொண்டுபோனார். இன்று வீடுகளில் வளர்பவற்றில் பெரும்பாலானவை அவற்றின் வழிவந்தவை.

கூண்டில் பிறந்து பல தலைமுறைகள் ஆகிவிட்டாலும் அதன் உடம்பு இன்னும் மலைக்குரியதுதான். குளிர்ச்சி, உலர்ந்த காற்று, நார் மிகுந்த தீவனம் ஆகிய மூன்றும் தடையின்றிக் கிடைத்தால் அது நோய்நொடி இல்லாமல் நெடுநாள் வாழும். ஒன்று தவறினாலும் நோய் வரும். இந்த அத்தியாயத்தில் வரும் எல்லா வேலைகளும் இந்த மூன்றைக் காப்பதற்காகவே.

வாங்குவதற்கு முன்: ஐந்து கேள்விகள்

ஐந்துக்கும் "ஆம்" என்று பதில் வந்தால் மட்டும் மேலே செல்லுங்கள்.

1. ஆண்டு முழுவதும் ஓர் அறையை 22 டிகிரி செல்சியஸுக்குள் வைத்திருக்க முடியுமா? சென்னை, மதுரை, திருச்சி போன்ற ஊர்களில் இரவும் பகலும் ஏசி ஓடியாக வேண்டும். மின்வெட்டின்போது ஏசியை இயக்க மாற்று ஏற்பாடும் வேண்டும். இந்தச் செலவு கட்டுப்படியாகாது என்றால் சின்சில்லா வேண்டாம். ஊட்டி, கொடைக்கானல் வாசிகளுக்குக் குளிர் சாதகம்தான். ஆனால் மழைக்கால ஈரத்தைப் போக்க ஈரப்பதம் உறிஞ்சும் கருவி அவசியம்.
2. பதினைந்து ஆண்டுகள் கவனிக்க முடியுமா? 10 முதல் 15 ஆண்டுகள் வாழ்வது சாதாரணம். 20 ஆண்டு வாழ்பவையும் உண்டு.
3. சின்சில்லாவைப் பார்க்கும் கால்நடை மருத்துவர் இருக்கிறாரா? நாய், பூனை பார்க்கும் எல்லா மருத்துவர்களுக்கும் இதில் பழக்கம் இருக்காது. முயல், கினிப்பன்றி போன்றவற்றுக்குச் சிகிச்சை தருபவரை முன்கூட்டியே தேடி, தொலைபேசி எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.
4. மாலையிலும் இரவிலும் நேரம் ஒதுக்க முடியுமா? சின்சில்லா பகலில் தூங்கும். பொழுது சாய்ந்த பின்பே ஓடியாடும். மடியில் வைத்துக் கொஞ்சக் கேட்கும் சிறு குழந்தைகளுக்கு ஏற்ற பிராணி அல்ல.
5. சட்டப்படி வாங்குகிறீர்களா? காட்டுச் சின்சில்லா சர்வதேச வணிகம் தடைசெய்யப்பட்ட விலங்கு. வீட்டில் இனப்பெருக்கம் செய்தவற்றை மட்டுமே, பிறப்பு விவரமும் ரசீதும் தருபவரிடம் வாங்குங்கள். அயல்நாட்டு விலங்கு வளர்ப்புக்கான பதிவு பற்றி வனத்துறையிடம் முதலிலேயே கேட்டு, வேண்டியதைச் செய்துவிடுங்கள்.

நலமான விலங்கைத் தேர்ந்தெடுப்பது

மாலை நேரத்தில் போய்ப் பாருங்கள். பகலில் தூக்கக் கலக்கத்தில் இருக்கும் விலங்கின் உடல்நிலை சரியாகத் தெரியாது.

1. கண் பளிச்சென்று இருக்க வேண்டும். நீர் வடிந்து கண்ணோர முடி ஒட்டியிருந்தால் பல் கோளாறாக இருக்கலாம்.
2. மோவாயும் முன்கால்களும் உலர்ந்திருக்க வேண்டும். எச்சில் ஈரம் இருந்தால் வாங்காதீர்கள்.
3. முன்பற்கள் மஞ்சள் அல்லது ஆரஞ்சு நிறத்தில் இருக்க வேண்டும். மனிதர்களுக்கு வெள்ளைப் பல் அழகு. வளர்ந்த சின்சில்லாவுக்கோ வெளுத்த பல் கோளாறின் அடையாளம்.
4. மூக்கு, காது, கால்களில் முடி கொட்டிச் செதில் இருக்கக் கூடாது. அது படர்தாமரைப் பூஞ்சையாக இருக்கலாம், மனிதர்களுக்கும் தொற்றும்.
5. கூண்டில் கிடக்கும் புழுக்கைகள் நீள்வட்டமாக, கெட்டியாக, ஒரே அளவில் இருக்க வேண்டும்.
6. குட்டிக்கு எட்டு வாரமாவது ஆகி, தாய்ப்பால் மறந்திருக்க வேண்டும்.

குறிப்பு: பெண் சின்சில்லாவின் சிறுநீர்த் துளை கூம்பு போல வெளியே நீட்டிக்கொண்டிருப்பதால் பலர் அதை ஆண் என்று நினைத்துவிடுகிறார்கள். கூம்புக்கும் ஆசனவாய்க்கும் இடையே கண்ணுக்குத் தெரியும் இடைவெளி இருந்தால் ஆண். இரண்டும் ஒட்டினாற்போல் இருந்தால் பெண். இரண்டு "ஆண்கள்" என்று வாங்கிப்போய்க் குட்டிகளோடு திண்டாடாமல் இருக்க, மருத்துவரிடம் காட்டி உறுதி செய்துகொள்ளுங்கள்.

அறையும் கூண்டும்

விலங்கு வருவதற்கு ஒரு வாரம் முன்பே இவற்றை முடித்துவிடுங்கள்.

1. அறையைச் சோதியுங்கள். வெப்பமும் ஈரப்பதமும் காட்டும் சிறு டிஜிட்டல் கருவியைக் கூண்டு நிற்கப்போகும் இடத்திலேயே வையுங்கள். ஏசியின் திரையில் தெரியும் எண்ணை நம்ப வேண்டாம். 15 முதல் 21 டிகிரி வெப்பமும், 50 விழுக்காட்டுக்கு உட்பட்ட ஈரப்பதமும் நல்ல நிலை.
2. இடத்தைக் குறியுங்கள். ஜன்னல் வெயில், சமையலறைச் சூடு, தொலைக்காட்சிச் சத்தம் எட்டாத மூலை வேண்டும். ஏசிக் காற்று நேராக முகத்தில் அடிக்கவும் கூடாது.
3. உயரமான உலோகக் கூண்டு வாங்குங்கள். ஒரு ஜோடிக்கு ஏறக்குறைய 90 செ.மீ. அகலம், 60 செ.மீ. ஆழம், 120 செ.மீ. உயரம் வேண்டும். கம்பி இடைவெளி 2.5 செ.மீ.க்கு மேல் கூடாது.
4. தரையை மூடுங்கள். கம்பித் தரையில் கால் சிக்கி முறியும்; பாதத்தில் புண் வரும். மரப்பலகையோ கெட்டியான தட்டோ போட்டு, மேலே தூசி தட்டிய உலர்ந்த மரச்சீவல் பரப்புங்கள்.
5. படிப்படியாகத் தட்டுகள் அமையுங்கள். சூளையில் உலர்த்திய, வர்ணமோ ரசாயனமோ ஏறாத பைன் மரம் நல்லது. தேவதாரு மரம், எலுமிச்சை இன மரங்கள், ஒட்டுப்பலகை ஆகியவை வேண்டாம். கீழே விழுந்தாலும் அடுத்த தட்டு தாங்கும்படி மாற்றி மாற்றிப் பொருத்துங்கள்.
6. ஒளிந்துகொள்ள மரப்பெட்டி வையுங்கள். ஒவ்வொரு விலங்குக்கும் ஒன்று.
7. சக்கரம் வைத்தால் ஓடுபாதை மூடியதாகவும் குறுக்களவு 38 செ.மீ.க்குக் குறையாமலும் இருக்கட்டும். சிறிய சக்கரம் முதுகெலும்பை வளைத்துவிடும்.

அடிக்கடி நடக்கும் தவறு: பிளாஸ்டிக் தட்டு, பிளாஸ்டிக் வீடு, பிளாஸ்டிக் கிண்ணம். சின்சில்லா எதையும் கொறிக்கும். விழுங்கிய பிளாஸ்டிக் துண்டு குடலை அடைத்தால் பிழைப்பது கடினம். மரம், மண்பாண்டம், எஃகு இவை போதும்.

வெப்பம்: முதல் எதிரி

சின்சில்லாவுக்கு வியர்க்காது. ரோமத்தின் அடர்த்தியால் உடம்புச் சூடு எளிதில் வெளியேறாது. பெரிய காதுகளின் வழியே கொஞ்சம் சூடு தணியும், அவ்வளவுதான். 24 டிகிரியைத் தாண்டினால் எச்சரிக்கையாக இருங்கள். 27 டிகிரி உயிருக்கே ஆபத்து.

சின்சில்லா வளர்ப்போர் கையாளும் எளிய கணக்கு ஒன்று உண்டு. அறையின் வெப்பத்தை ஃபாரன்ஹீட்டில் எடுத்து, ஈரப்பத விழுக்காட்டைக் கூட்டுங்கள். கூட்டுத்தொகை 150ஐ நெருங்கவே கூடாது. 24 டிகிரி செல்சியஸ் என்பது 75 ஃபாரன்ஹீட். அறையில் ஈரப்பதம் 75 விழுக்காடு என்றால் அப்போதே தொகை 150 ஆகிவிடுகிறது. கடலோர ஊர்களில் வெப்பத்தைப் போலவே ஈரத்தையும் கண்காணிக்கச் சொல்வது இதனால்தான்.

செய்யக் கூடாதவை:

- மின்விசிறியை மட்டும் நம்புவது. வியர்வை ஆவியாகும்போதுதான் விசிறிக் காற்று குளிர்ச்சி தரும். வியர்க்காத உடம்புக்கு அதனால் பெரிய பயன் இல்லை.
- தண்ணீர் ஊற்றும் ஏர்கூலர். அறையின் ஈரத்தைக் கூட்டி நிலைமையை மோசமாக்கும்.
- தண்ணீரில் குளிப்பாட்டுவது. அடர்ந்த ரோமம் அடிவரை காய்வதில்லை. அந்த ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும்.

மின்சாரம் போனால்:

1. ஜன்னல், திரை, கதவை உடனே மூடி உள்ளிருக்கும் குளிர்ச்சியைக் காத்துக்கொள்ளுங்கள்.
2. உறைய வைத்த தண்ணீர்ப் புட்டிகளைத் துணியில் சுற்றிக் கூண்டின் வெளிப்பக்கம் சாய்த்து வையுங்கள். இதற்காகவே நாலைந்து புட்டிகள் எப்போதும் உறைபெட்டியில் இருக்கட்டும்.
3. கூண்டுக்குள் பளிங்கு அல்லது கிரானைட் பலகை வையுங்கள். சின்சில்லா தானே போய் அதன்மேல் படுத்துக்கொள்ளும்.
4. அறை 24 டிகிரியைத் தொடும்போதே விலங்கை ஏசி உள்ள வேறிடத்துக்கு மாற்றுங்கள். 27 ஆகும்வரை காத்திருக்க வேண்டாம்.

வெப்பத்தாக்கு வந்தால் முதலுதவி

காது செக்கச்செவேல் என்று சிவப்பது, பக்கவாட்டில் சாய்ந்து கிடப்பது, வாயைத் திறந்து மூச்சிரைப்பது, எச்சில் வடிவது ஆகியவை அறிகுறிகள்.

1. வீட்டிலேயே குளிர்ச்சியான இடத்துக்குக் கொண்டுபோங்கள்.
2. குளிர்ந்த பளிங்குத் தரையில் கிடத்துங்கள்.
3. குளிர்ந்த நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் காதுகளையும் பாதங்களையும் ஒற்றுங்கள். பனிக்கட்டி வைப்பதும் ஐஸ் நீரில் முக்குவதும் கூடாது; திடீர் குளிர்ச்சி அதிர்ச்சியை உண்டாக்கும்.
4. தானே குடித்தால் தண்ணீர் கொடுங்கள். வாயில் ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குள் போய்விடும்.
5. தெளிந்துவிட்டது போலத் தெரிந்தாலும் மருத்துவரிடம் கொண்டுபோங்கள். உள்ளுறுப்புச் சேதம் பிறகுதான் வெளியே தெரியும்.

தீவனம்: புல்லே பிரதானம்

சின்சில்லாவின் இருபது பற்களும் வாழ்நாள் முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கும். முரட்டுப் புல்லை மணிக்கணக்கில் அரைத்தால்தான் அவை தேயும். அதன் குடலும் நார் ஓயாமல் வந்தால்தான் இயங்கும். எனவே பல்லுக்கும் குடலுக்கும் ஒரே மருந்து உலர்புல்.

1. உலர்புல் எந்நேரமும் இருக்கட்டும். திமோத்தி அல்லது அதையொத்த உலர்புல்லைக் கூண்டின் பக்கத்தில் சட்டத்தில் செருகுங்கள். பச்சை மாறாமல் நல்ல வாசனையோடு இருக்க வேண்டும். பூசணம் பிடித்ததையும் ஈரம் பட்டதையும் எறிந்துவிடுங்கள். கெட்டுப்போன தீவனம் வழியே வரும் லிஸ்டீரியா கிருமி சின்சில்லாவைச் சட்டென்று கொன்றுவிடும்.
2. குச்சித் தீவனம் அளவாக. நாளொன்றுக்கு ஒரு விலங்குக்கு ஒன்று அல்லது இரண்டு மேசைக்கரண்டி. விதையும் வண்ண மணிகளும் கலந்த வகை வேண்டாம். இனிப்பானதைப் பொறுக்கித் தின்றுவிட்டு மற்றதை விட்டுவிடும்.
3. குதிரைமசால் யாருக்கு? அதில் சுண்ணாம்புச் சத்தும் புரதமும் அதிகம். வளரும் குட்டி, சினை, பால் கொடுக்கும் தாய் ஆகியவற்றுக்கு மட்டும் கொடுங்கள்.
4. தண்ணீர் புட்டியில். கொதிக்க வைத்து ஆறிய நீரைத் தினமும் மாற்றுங்கள். புட்டியின் குழாய் நுனியைத் தூரிகையால் தேய்த்துக் கழுவுங்கள். அங்கே படியும் வழுவழுப்பில்தான் கிருமிகள் தங்கும்.
5. தீவனம் மாற்றும்போது பழையதோடு புதியதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து இரண்டு வாரத்தில் முழுதாக மாற்றுங்கள்.

கொடுக்கவே கூடாதவை: திராட்சை, உலர் பழங்கள், வாழைப்பழம், முந்திரி, நிலக்கடலை, சூரியகாந்தி விதை, பிஸ்கட், சோறு, முட்டைக்கோஸ். சர்க்கரையும் மாவும் குடலில் புளித்து வாயுவாகும். சின்சில்லாவால் வாந்தி எடுக்க முடியாது. வயிறு உப்பி உயிரே போகலாம். அன்பைக் காட்ட விரும்பினால் சுத்தமான ஆப்பிள் மரக் குச்சியோ காய்ந்த ரோஜா இதழோ கொடுங்கள்.

புழுதிக் குளியல்

1. கனமான மண்சட்டியில் சின்சில்லாவுக்கென்றே விற்கும் எரிமலைத் தூளை 3 செ.மீ. உயரத்துக்குக் கொட்டுங்கள். மணல் கரடுமுரடானது, ரோமத்தை அறுக்கும். முகப்பவுடர் நுரையீரலைக் கெடுக்கும்.
2. மாலையில் கூண்டுக்குள் வைத்து 10 முதல் 15 நிமிடம் புரளவிடுங்கள்.
3. உடனே எடுத்துவிடுங்கள். உள்ளேயே விட்டால் அதில் சிறுநீர் கழிக்கும். ஓயாமல் புரண்டு தோல் வறண்டுபோகும்.
4. வாரத்துக்கு இரண்டு முறை போதும். ஈரமான பருவத்தில் மூன்று அல்லது நான்கு முறை.
5. கட்டியும் புழுக்கையும் சலித்து நீக்கி மீண்டும் பயன்படுத்தலாம். நாறினால் கொட்டிவிடுங்கள்.

கண் சிவந்தாலோ தும்மினாலோ புண் இருந்தாலோ குளியலை நிறுத்துங்கள். குட்டி ஈன்ற தாய்க்கும் முதல் ஒரு வாரம் வேண்டாம்.

தூக்கும் முறை

பயந்த சின்சில்லா பிடிபட்ட இடத்து முடியைக் கொத்தாக உதிர்த்துவிட்டு ஓடும். பகைவிலங்கிடமிருந்து தப்ப இயற்கை தந்த வழி அது. உதிர்ந்த இடத்தில் மீண்டும் முடி நிறைய மாதங்கள் ஆகும்.

1. மெல்லப் பேசிக்கொண்டே கையைத் தரைமட்டத்தில் நீட்டுங்கள். மேலிருந்து பாய்ந்து பிடித்தால் பருந்து என்று மிரளும்.
2. ஒரு கையை நெஞ்சுக்கடியிலும் மறு கையைப் பின்பாகத்துக்கடியிலும் கொடுத்து ஏந்துங்கள்.
3. துள்ளினால் வாலின் அடிப்பகுதியை மட்டும் மெல்லப் பிடித்துக்கொள்ளலாம். நுனியைப் பிடித்தால் அறுந்துபோகும்.
4. உங்கள் மார்போடு அணைத்துக்கொள்ளுங்கள். விலா எலும்பை அமுக்காதீர்கள்.

கூண்டுக்கு வெளியே விடும்போது மின்கம்பிகளை மறைத்து, கழிப்பறைக் கதவைச் சாத்திவிட்டு, கூடவே இருங்கள். பின்கால்களில் எழுந்து நின்று குரைப்பதும் பெண் விலங்கு சிறுநீர் பீச்சுவதும் "கிட்டே வராதே" என்று சொல்லும் விதம். அப்போது விலகிவிடுங்கள்.

நோயை முன்கூட்டியே கண்டுபிடிப்பது

வேட்டையாடப்படும் விலங்கு நோயை வெளிக்காட்டாது. சோர்ந்து கிடப்பது கண்ணில் படும்போது நோய் முற்றியிருக்கும். அதனால் பார்வையை மட்டும் நம்பாமல் எடை போட்டுப் பாருங்கள்.

1. கிராம் காட்டும் சமையலறைத் தராசில் வாரம் ஒரு நாள், ஒரே நேரத்தில் நிறுத்துங்கள். வளர்ந்த விலங்கு பெரும்பாலும் 400 முதல் 700 கிராம் இருக்கும். உங்கள் விலங்கின் வழக்கமான எடையே உங்களுக்கு அளவுகோல்.
2. எடையை நோட்டில் தேதியோடு எழுதுங்கள். 500 கிராம் விலங்கு 50 கிராம் இழந்தால் மருத்துவரிடம் போக அது ஒன்றே போதுமான காரணம்.
3. தினமும் காலையில் புழுக்கையைப் பாருங்கள். சிறுத்தாலும் குறைந்தாலும் இளகினாலும் குடலில் கோளாறு.
4. மோவாயை விரலால் தடவி ஈரம் உண்டா என்று பாருங்கள்.
5. ஆண் விலங்கின் குறியைச் சுற்றி முடிவளையம் இறுகியிருக்கிறதா என்று மாதம் ஒருமுறை பாருங்கள். கழற்றாவிட்டால் வீங்கிச் சிறுநீர் அடைக்கும். எப்படிக் கழற்றுவது என்பதை முதல் தடவை மருத்துவரிடம் நேரில் கற்றுக்கொள்ளுங்கள்.

உடனே மருத்துவரிடம் போக வேண்டியவை:

- 12 மணி நேரமாகத் தின்னவில்லை, அல்லது புழுக்கை போடவில்லை
- வயிறு உப்பி, உருண்டு தவிக்கிறது
- எச்சில் வடிகிறது, தீவனத்தை வாயிலெடுத்துக் கீழே போடுகிறது
- மூச்சிரைப்பு, மூக்கில் சளி
- வலிப்பு, கால் இழுப்பு
- தண்ணீராகக் கழிச்சல்

பாதுகாப்பு எச்சரிக்கை: மருந்துக்கடையில் நமக்கு எளிதாகக் கிடைக்கும் அமாக்சிசிலின், ஆம்பிசிலின் போன்ற பென்சிலின் வகைகளையும் கிளிண்டாமைசின், லின்கோமைசின், எரித்ரோமைசின் ஆகியவற்றையும் சின்சில்லாவுக்கு வாய்வழி கொடுக்கவே கூடாது. குடலின் நல்ல கிருமிகள் அழிந்து, நச்சுக் கிருமிகள் பெருகி விலங்கு இறந்துவிடும். பழக்கமில்லாத மருத்துவர் எழுதிக் கொடுத்தாலும் "சின்சில்லாவுக்கு இது ஏற்றதுதானா?" என்று தயங்காமல் கேளுங்கள்.

துணையும் குட்டியும்

சின்சில்லா கூட்டமாக வாழும் விலங்கு. ஒரே பாலினத்தில் இரண்டு வளர்ப்பது நல்லது. புதிய விலங்கை முதலில் 30 நாள் வேறு அறையில் தனியே வைத்து நோய் இல்லை என்று உறுதி செய்யுங்கள். பிறகு இரண்டு கூண்டுகளையும் கடிக்க எட்டாத தூரத்தில் அருகருகே வைத்து வாசனை பழக்குங்கள். அதன்பின் இரண்டுக்கும் புதிதான பொது இடத்தில், உங்கள் கண்முன் சந்திக்கவிடுங்கள். முடி பறந்தால் பிரித்துவிட்டு மீண்டும் பொறுமையாகத் தொடங்குங்கள்.

ஆணையும் பெண்ணையும் சேர்க்க அவசரப்படாதீர்கள். சினைக்காலம் 111 நாள். ஈன்ற உடனேயே பெண் மீண்டும் சினைப்படும் என்பதால், பிரசவத்துக்கு முன்பே ஆணைப் பிரிக்காவிட்டால் தாய் உருக்குலைந்துபோகும். வெள்ளையோடு வெள்ளை, வெல்வெட்டோடு வெல்வெட் ஆகிய நிறச் சேர்க்கைகளில் ஒரு பகுதிக் கருக்கள் பிழைப்பதில்லை. பிறக்கும் குட்டிகளுக்கெல்லாம் ஏசி அறையுள்ள வீடு தேடித் தர முடியாதவர்கள் இனப்பெருக்கத்தில் இறங்கக் கூடாது.

கூண்டில் ஒட்டிவைக்க ஓர் அட்டவணை

*தினமும்:* வெப்பமும் ஈரப்பதமும் பார்த்தல், புதிய உலர்புல், அளந்த குச்சித் தீவனம், புதிய தண்ணீர், புழுக்கை, மோவாய் கவனித்தல், நனைந்த படுக்கையை நீக்குதல்.

*வாரம் ஒருமுறை:* எடை; முன்பல்லின் நிறம்; பாதங்கள்; படுக்கை முழுவதும் மாற்றுதல்; தட்டுகளைத் துடைத்து நன்கு உலர்த்துதல். புழுதிக் குளியல் மட்டும் வாரம் இரண்டு முறை.

*மாதம் ஒருமுறை:* ஆண் விலங்குக்கு முடிவளையச் சோதனை. கூண்டின் கம்பி, ஆணி, தாழ்ப்பாள். மின்வெட்டு ஏற்பாட்டை ஒருமுறை இயக்கிப் பார்த்தல்.

*ஆண்டுக்கு ஒருமுறை:* மருத்துவரிடம் பல் உட்பட முழு உடற்சோதனை. கடைவாய்ப் பற்களின் கோளாறு வீட்டில் தெரியாது. எடை நோட்டையும் உடன் கொண்டுபோங்கள்.

ஊருக்குப் போகும்போது இந்த அட்டவணையையும் மருத்துவரின் எண்ணையும், பார்த்துக்கொள்பவரிடம் கொடுத்துவிட்டுப் போங்கள். கிளம்புவதற்கு முதல் நாள் எல்லா வேலைகளையும் அவரையே ஒருமுறை செய்யச் சொல்லி, பக்கத்தில் நின்று பாருங்கள்.